வெள்ளைக் காரில் விழுந்த கீறல்கள்

காமியோரி மலைக்கிராமத்தில் தோகுஜியைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது என்று முதலில் சொன்னவர் தோகுஜிதான். சொல்லிச் சொல்லி ஊரும் அதையே சொல்லப் பழகிக்கொண்டது. நாற்பது வருஷம் மரலாரி ஓட்டியவர். பனிக்காலத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி, தேவதாரு மரங்களை முழுசாக ஏற்றிக்கொண்டு, ஷிமானே மலைச்சரிவுகளில் பாட்டு முணுமுணுத்தபடி இறங்குவார். ஒரு விபத்து கிடையாது. அந்தப் பெருமையைத் தினமும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி மிட்சுயோ.

கல்யாணமான புதிதில் அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது. கேட்டாள். அறுவடை முடிந்த வயலில் சின்ன லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, அவளை உட்காரவைத்தார். அவள் முன்னே போக நினைத்துப் பின்னே போய் வாய்க்காலில் இறங்கிவிட்டாள். தோகுஜி அவளைத் தூக்கிவிடவில்லை. முதலில் போய் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு ஆகஸ்டு மாசம் முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் விருந்து வரும்போதெல்லாம், நாலு கிண்ணம் உள்ளே போனதும், எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

"ஸ்டியரிங்கைப் பிடிக்கல, கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. வாய்க்கால்ல தண்ணி ஏறுது, அப்பவும் ஹாரனை அடிக்கிறா. தவளையெல்லாம் ஒதுங்கணுமாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். மிட்சுயோ அவர் கிண்ணத்தில் மறுபடி ஊற்றுவாள். ஊரில் அவள் வயதுப் பெண்கள் அத்தனை பேரும் லைசென்ஸ் எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை.

கீழே டவுனில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் நான் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தேன். எழுபது வயது தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் எங்களைப் போன்ற இடத்துக்கு வந்தாக வேண்டும். பாடம் கேட்டு, கண்ணைச் சோதித்து, மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். எழுபத்தைந்துக்கு மேல் என்றால் ஞாபகச் சோதனையும் உண்டு. படங்களைக் காட்டுவார்கள். பீரங்கி, மூங்கில் குருத்து, இஸ்திரிப் பெட்டி என்று. காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். என்னென்ன பார்த்தாய் என்று எழுத வேண்டும். தோகுஜி எழுபத்தெட்டு வயதில் வசந்தகாலத்தில் வந்தார். ஞாபகச் சோதனையில் நல்ல மார்க். மைதானத்தில்தான் மானம் போனது. நிறுத்தக் கோட்டில் நிற்காமல் உருண்டு போனார். வளைவில் பின்சக்கரம் ஓரக்கல் மேல் ஏறி இறங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இனோகுமா டீச்சர். ஐம்பது தாண்டிய ஒல்லியான பெண். வயசானவர்கள் பல் டாக்டருக்குப் பயப்படுவது போல அவருக்குப் பயப்படுவார்கள்.

"நின்னீங்களா?" என்று கேட்டார்.

"நின்னேனே."

"வண்டி நிக்கல. நீங்க மனசுல நின்னீங்க."

சட்டப்படி அந்தச் சுற்றுக்குத் தேர்ச்சி, தோல்வி கிடையாது. வந்து ஓட்டினால் போதும், லைசென்ஸ் கிடைத்துவிடும். அது இனோகுமாவுக்கு ஆகாது. அதனால் வியாழக்கிழமை மதியம், மைதானம் சும்மா கிடக்கும் நேரத்தில், வயசானவர்களைக் கூப்பிட்டு அவராகவே ஒரு வகுப்பு நடத்தினார். தோள்மேல் துண்டைப் போட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்ப வைப்பார். நாற்காலியில் உட்காரவைத்து, கைதட்டினால் வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குத் தாவ வேண்டும் என்று தரையில் கோடு போட்டுப் பழக்குவார். ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவைப்பார். எல்லாம் நல்ல பயிற்சிதான். ஆனால் செய்யவைக்கும் விதம் கசாப்புக்கடைதான். ஓட்டுவதை வீடியோ எடுத்து, டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவார்.

பாதசாரிகள் கடக்கும் கோட்டில் ஒரு அட்டைக் குழந்தையை நிறுத்தி வைத்திருந்தார். மழலைப் பள்ளிப் பிள்ளைகள் போடும் மஞ்சள் தொப்பி அதன் தலையில். தோகுஜி முதல் வியாழக்கிழமையே அதை இடித்துத் தள்ளினார். டீச்சர் மரியாதைக்குப் பேரோடு 'சான்' சேர்த்துத்தான் அதட்டினார்.

"இறங்குங்க தோகுஜிசான். போய்த் தூக்கிட்டு வாங்க."

"அட்டைதானே டீச்சர்."

"அப்ப கனமா இருக்காது, தூக்குங்க. அப்படியே மடியில வெச்சு உக்காருங்க. இது பேரு என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். நாளைக்கு பேப்பர்ல போடுவாங்க, அப்ப தெரிஞ்சுக்கலாம்."

வகுப்பு முடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட இருந்த கிழவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் ஆளுக்கொரு தடவை அதை மடியில் வைத்திருந்தவர்கள். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. லாரி ஓட்டத் தானாகக் கற்றவர். அறுபது வருஷத்தில் யாரும் அவரிடம் தப்பு என்று சொன்னதில்லை. முகம் மழிக்கும்போது கழுத்தைத் திருப்புவார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் காலை மாற்றி மாற்றி வைத்துப் பழகுவார். மே மாசக் கடைசியில் அட்டைக் குழந்தை இருக்கும் கோட்டுக்கு வெகு முன்னாலேயே வேகம் குறைந்தது. இனோகுமா பாராட்டமாட்டார். "இன்னிக்கு உயிரோட இருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்று தோகுஜி நடந்து போன விதத்தைப் பார்க்க வேண்டும், பரிசு வாங்கிய பள்ளிப் பையன் மாதிரி.

வீட்டில் மிட்சுயோவுக்கு இது எதுவும் சந்தோஷமில்லை. மார்ச்சில் ஒருநாள், லைசென்ஸ் புதுப்பிக்கப் போவதற்கு முன், டவுனில் மழலைப் பள்ளி வாசல் சிக்னலில் சிவப்பு விழுந்திருக்க அவர் நேராகப் போய்விட்டார். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் மிட்சுயோ கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"சிவப்புங்க."

"பச்சை."

"நான் பாத்தேங்க."

"நீ எதைப் பாத்த? வாய்க்காலையே பாக்காதவ. பயமா இருந்தா இறங்கி நடந்து வா."

ஹிரோஷிமாவில் இருக்கும் மகன் ஷூஹெய்க்குப் போன் செய்தாள். அப்பா சொன்னால் கேட்கமாட்டார், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான். டிரைவிங் ஸ்கூலில் அந்த டீச்சரம்மா எப்படியும் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவாள் என்று மிட்சுயோ நம்பியிருந்தாள். அவரோ புது லைசென்ஸோடு வந்தார். வந்து, அட்டைக் குழந்தை கதையைச் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார்.

முதல் கீறல் தற்செயல். ஜூனில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்துச் சந்தில் போனவள், திரும்பும்போது நிறுத்தியிருந்த காரின் கதவில் உரசிவிட்டாள். வெள்ளைக் கார். கீறல் பளிச்சென்று தெரிந்தது. மதியத் தூக்கம் முடிந்து அவர் வரட்டும், தொலைந்தோம் என்று காத்திருந்தாள். அவர் வந்தார், பார்த்தார். கத்தவில்லை. முகம் தொங்கிப்போனது. குனிந்து விரலால் தடவினார்.

"மிட்சு, நேத்து நாம எங்கயாவது உரசினோமா?"

ஐம்பது வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான்தான், மண்வெட்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தபால் ஆபீஸ் வளைவுல ஏதோ கிர்ருன்னுச்சு. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நான் ஒண்ணும் சொல்லல."

"எனக்குக் கேக்கலையே."

"சின்னச் சத்தம்தாங்க."

அன்று சாயங்காலம் அவர் குரலை உயர்த்தவேயில்லை. மீன் உப்பாக இருந்ததைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு மிட்சுயோ என்னிடம் இதைச் சொன்னபோது, "அந்த மீன் நெசமாவே உப்புதான்" என்றாள்.

இரண்டாவது கீறல் தற்செயல் இல்லை. அவர் குறட்டை விடும் நேரம் பார்த்து, அரிவாள் தீட்டும் கல்லின் முனையால் பின் பம்பரில் ஒரு இழுப்பு இழுத்தாள். மூன்றாவதற்குச் செங்கல். பக்கக் கண்ணாடியை உள்பக்கமாக மடக்கிவைத்து விளிம்பைச் சிராய்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார், அவள் ஒரு இடத்தைச் சொல்வாள். அரிசிக் கடைத் தூண். கோயில் கல்விளக்கு. மருத்துவமனை வேலி. அவர் அந்த இடங்களுக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். பழைய கல்லில் ஏதாவது ஒரு வெள்ளைத் தடம் இல்லாமலா போகும்? இருக்கும்.

பயத்தால்தான் செய்தேன் என்றாள் முதலில். பயம் உண்மை. ஆனால் ஆகஸ்டு விருந்தில் அவர் வாய்க்கால் கதையை நடிக்க எழுந்திருக்கவில்லை. யாரோ கேட்டார்கள். "வேண்டாம்பா" என்றார். அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் சூடாக ஏதோ இறங்கியது போல இருந்தது என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

வகுப்பில் தோகுஜி இதை மறைத்தார். தொட்டுவைக்கும் பெயிண்ட் வாங்கிக் கீறல்மேல் பூசினார். அக்டோபரில்தான் இனோகுமாவிடம் வாயைத் திறந்தார். டீச்சர் காரைச் சுற்றிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, "டவுனுக்குள்ள விடுங்க" என்றார். சந்துகள், சந்தை, மலைவளைவு என்று நெடுநேரம் ஓட்டவைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு தப்பும் இல்ல தோகுஜிசான். என் கிட்ட வர்றவங்கள்ல இப்ப நீங்கதான் உருப்படி. இந்தக் கீறல் உங்களது இல்ல."

"அதான் டீச்சர் பயமா இருக்கு. என்னுதுதான், ஆனா எனக்குத் தெரியல."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"மிட்சு. அவளுக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு."

"அவங்களை அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். மிட்சுயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து என்ன சொல்றது? எனக்கு டிரைவிங் பத்தி என்ன தெரியும்? தவளைக்கு ஹாரன் அடிக்கிறவ நான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி டீச்சர் விடமாட்டாள், அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும் என்று மிட்சுயோவுக்குப் புரிந்தது. அந்த வாரமே அவள் கடைசி வேலையைச் செய்தாள். பழைய திண்டு உறையிலிருந்து மஞ்சள் துணி ஒரு துண்டு கிழித்தாள். மழலைப் பள்ளித் தொப்பியின் அதே மஞ்சள். அதை முன் பம்பருக்கும் நம்பர் பலகைக்கும் இடையில் செருகி வைத்தாள்.

காலையில் கார் துடைக்கப் போனவர் அதை உருவி எடுத்தார். அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தம் போடவில்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை. துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கார் சாவியை வாசல் செருப்புப் பலகைமேல் வைத்துவிட்டு நடந்தார். மலையிறங்கி டவுன் போலீஸ் நிலையம்வரை நடந்தே போனார். நேற்று யாராவது குழந்தை அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். பக்கத்து ஊரிலும் விசாரிக்கச் சொல்லி மன்றாடினார். அங்கேயும் இல்லை. வயசானவர் குழம்பியிருக்கிறார் என்று நினைத்து உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அவர் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். "இப்ப அடிபடலன்னா நாளைக்குப் படும், எடுத்துக்குங்க" என்றார். விருப்பத்தோடு திருப்பிக் கொடுப்பவர்களுக்குக் கொடுக்கும் சான்று அட்டையும், டாக்சிக்கான தள்ளுபடிச் சீட்டுகளும் கொடுத்து, போலீஸ் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

கார் விலைக்குப் போனது. பனி வந்தது. காமியோரிக்கு பஸ் வாரத்தில் மூன்று நாள்தான். டாக்சி, கூப்பிட்டால் மலையேற யோசிக்கும். மண்ணெண்ணெய் டப்பாவை மிட்சுயோ சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து வந்தாள். முழங்கால் வீங்கியது. அதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது தோகுஜி. அவர் முகம் மழிப்பதை விட்டார். மேஜைக்கு அடியில் இருந்த கணப்பின் பக்கம் காலை நீட்டி, மேஜைமேல் விரித்த போர்வைக்குள் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எதையும் அவளிடம் கேட்டுத்தான் செய்தார்.

"மிட்சு, நான் சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டீங்க."

"மாத்திரை?"

"அதுவும்தான்."

"நீ சொன்னா சரி."

ஆரம்பத்தில் அது இனித்தது. ஜனவரியில் ஒருநாள் அவர் கழிவறைக் கதவு முன்னால் நின்றுகொண்டு, இது எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. போர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மண்வெட்டி, தீட்டுகல், செங்கல், மஞ்சள் துணி. திண்டு உறையின் மீதித் துணியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"உங்க மண்டைக்கு ஒண்ணுமில்லைங்க. எல்லாம் நான் பண்ணினது. என்னை அடிங்க, திட்டுங்க, எதாவது சொல்லுங்க."

தோகுஜி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்காக இப்படியெல்லாம் பொய் சொல்றியே. நான் உன்னை என்னவெல்லாம் படுத்தியிருக்கேன். நீ தங்கமா இருக்க மிட்சு."

"பொய் இல்லைங்க."

"சரி சரி. அழாத."

அடுத்த பஸ்ஸில் அவள் எங்கள் ஸ்கூலுக்கு வந்தாள். பனித்தண்ணீர் சொட்டச் சொட்ட என் மேஜை முன்னால் நின்று, இனோகுமா டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றாள். நானும் இருந்தேன். டீச்சர் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் சொல்லி முடித்த பிறகு எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"மார்ச்சுல உங்களுக்கு வந்த பயம் நியாயம். எனக்கும் இருந்துச்சு. அதை ரெண்டு மாசத்துல நாங்க சரிபண்ணிட்டோம், அவரும் நானும். நீங்க அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கீங்க."

"அவரைப் பழையபடி ஆக்கிக் குடுங்கம்மா."

"பழைய ஆள்தான் உங்களுக்கு வேண்டாமே."

திரும்பப் போக பஸ் இல்லை என்று எனக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். "நான் கொண்டுபோய் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான்தான் சத்திரத்தில் அவளுக்கு ஒரு படுக்கை சொல்லிவைத்து, தோகுஜியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் டீச்சர் ஸ்கூல் காரிலேயே அவளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மலையேறினார். தோகுஜியை வெளியே கூட்டி வந்து, பனி தள்ளிய முற்றத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். சொந்த நிலம், லைசென்ஸ் வேண்டியதில்லை.

"மிட்சுயோசான் சொன்னது நெசம் தோகுஜிசான். உங்க கிட்ட தப்பு இல்ல. பத்தடி முன்னாடி போங்க, நிறுத்துங்க. அவ்வளவுதான்."

"உங்க கிட்டயும் வந்து சொல்லிட்டாளா" என்று சிரித்தார்.

"ஓட்டுங்க."

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். கீழே குனிந்து கால்களைப் பார்த்தார். வலது கால் தூக்கினபடி ஆடியது. இதில் வைப்பதா, அதில் வைப்பதா என்று அது தேடிக்கொண்டே இருந்தது. டீச்சர் பழைய வழக்கப்படி ஓங்கிக் கைதட்டினார். கால் ஆக்ஸிலேட்டரில் விழுந்தது. கியர் போடாததால் வண்டி உறுமியதோடு சரி. அவர் தாங்கமுடியாமல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். டீச்சரே எட்டி வண்டியை அணைத்தார்.

"எது எந்தக் கால்னு தெரியல டீச்சர். பாத்தீங்கல்ல. அவ மேல பழியைப் போடாதீங்க."

இனோகுமா அவரைக் கைபிடித்து இறக்கி, குனிந்து செருப்பைச் சரியாக மாட்டிவிட்டார். இவ்வளவு வருஷத்தில் அவர் அப்படி யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. மிட்சுயோ பக்கம் அவர் திரும்பவே இல்லை. வியாழக்கிழமை வகுப்பு இன்றும் நடக்கிறது. டீச்சர் குரல் முன்னைவிடக் கடுமை. இப்போது வருகிறவர்கள் தங்கள் வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ கூட்டி வந்தால்தான் சேர்த்துக்கொள்கிறார்.

தோகுஜி பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மனைவியின் பெருமையைச் சொன்னார். தன்னைக் காப்பாற்ற அவள் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றார். பிப்ரவரியில் ஊர்ப் பொதுக்கூடத்தில் பெண்கள் கூடி அரிசிக் கொழுக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தபோது, மிட்சுயோ எழுந்து நின்று, நான் சொல்வதைக் கேளுங்கள் என்று ஆரம்பித்தாள். பாதிகூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஹருயோ அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியும்டி. அவரே சொன்னார். எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஆனா நான் கையைத்தான் பிசைவேன், உன்னை மாதிரி பழி ஏத்துக்க மனசு வருமா?"

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மாவுக் கையோடு அவளை உட்காரவைத்தாள். அவள் உட்கார்ந்து மிச்ச மாவை உருட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹிரோஷிமாவுக்குப் போன் போட்டாள். ஷூஹெய் இந்தத் தடவை முழுசாகக் கேட்டான். கீறல், மஞ்சள் துணி, முற்றத்தில் கால் ஆடினது எல்லாம். சந்தேகமே படவில்லை. அம்மா அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்பதில் அவனுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"நல்ல காரியம் பண்ணினம்மா" என்றான். "நான் சொல்லியிருந்தா சண்டைதான் வந்திருக்கும். இப்ப நிம்மதி."

மிட்சுயோ ரிசீவரை வைக்கவில்லை. அவன் குரல் இன்னும் வந்துகொண்டிருக்க, அதை மேஜைமேல் மல்லாத்திப் போட்டுவிட்டு, தோகுஜியின் கஞ்சி அடிப்பிடிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.